அடைப்புக்குறிக்குள் ஒரு சிரிப்பு

எங்கள் ஆய்விதழின் இணையப் பக்கத்தில் ஐந்தாம் தொகுதியைத் திறந்தால் பொருளடக்கம் வரும். தலைப்புகள் எல்லாம் நீல நிறம். தொட்டால் கட்டுரை திறக்கும். நான்காவது தலைப்பு மட்டும் சில வருடங்களாகச் சாம்பல் நிறத்தில் கிடந்தது. தொட்டால் ஒன்றும் நடக்காது. அதற்குக் கீழே, 'கட்டுரையாளரின் வேண்டுகோளின்படி இது இணையத்தில் இடப்படவில்லை, அச்சுப் பிரதியைப் பார்க்கவும்' என்று சின்ன எழுத்தில் ஒரு வரி. அந்த வரியைத் தட்டச்சு செய்தவள் நான். வேறு வேலையாக அந்தப் பக்கத்துக்குப் போனாலும் என் கை சும்மா இருக்காது, அந்தத் தலைப்பின் மேல் ஒருமுறை அழுத்திப் பார்க்கும். திறக்காது என்று தெரியும். திறக்காதபடி செய்ததே நான்தான். ஆனாலும் ஆடுகிற பல்லை நாக்கு விடாத மாதிரி, கை அங்கேதான் போகும்.

அந்தக் கட்டுரையை எழுதியவர் மேடம். பல்கலைக்கழகத்தில் மேடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் நூலகத்தில் நாங்கள் வெறுமனே 'மேடம்' என்று சொன்னால் அது அவர் ஒருவர்தான். சமூகவியலில் முதுநிலை விரிவுரையாளர், பீடத்தின் ஆய்விதழுக்குப் பிரதம பதிப்பாசிரியர். நான் உதவி நூலகர். ஆய்விதழின் இணைய வேலை, அதை யாரும் எடுக்காததால், என் தலையில் விழுந்தது. மேடத்தால் ஓரிடத்தில் இருக்க முடியாது. கூட்டம் தொடங்கினால் கதிரையை இழுத்து ஜன்னலோரம் போடுவார், பிறகு அந்தக் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். புரூவ் பார்த்துப் பிழை திருத்துவதும் நடந்தபடிதான். கையில் தாளும் சிவப்புப் பேனையுமாக வராந்தாவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போவார். மூலப் பிரதியை உரக்க வாசித்துக்கொண்டு நானும் பின்னால் ஓட வேண்டும். ஒரு கட்டுரை முடிவதற்குள் எனக்குக் கால் கடுக்கும். வீடு சாய்ந்தமருதில், அச்சகம் கல்முனையில், வேலை இங்கே. இந்த மூன்றுக்கும் நடுவில் அவருடைய ஸ்கூட்டி எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். அதன் சீற்றுக்குக் கீழே மழைக்கோட்டு வைக்கிற இடத்தில் புரூவ் தாள்கள் இருக்கும். மழை பெய்தால் நனைவது மேடம்தான், தாள் நனைந்து நான் பார்த்ததில்லை.

இதழ் அச்சாகி வந்துவிட்டால் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. கட்டுரை எழுதியவர்களுக்குப் பிரதி கொடுப்பது எல்லா இடத்திலும் உள்ளதுதான். மேடம் அதற்கு முன்பு, கட்டுரைகளுக்காகக் கதை சொன்னவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். பெரியநீலாவணையில் தோணிக்காரர் ஒருவர், தம்பிலுவிலில் வயல்காரர் ஒருவர், மருதமுனையில் தறி நெய்கிற ஒரு குடும்பம். வாசிக்கத் தெரிந்தவரா தெரியாதவரா என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை. 'அவங்கட கதைய நாம எடுத்துட்டு வந்த. திருப்பிக் குடுக்காட்டி அது களவு, புள்ள' என்பார். எந்தப் பிரதி யாருடைய வீட்டில் இருக்கிறது, அது அலுமாரிக்குள் இருக்கிறதா தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேல் இருக்கிறதா என்பது வரை அவருக்குத் தெரியும். அப்படிக் கொடுத்தும், நூலகங்களுக்கு அனுப்பியும் மிஞ்சியவை படிக்கட்டுக்குக் கீழே பெட்டி பெட்டியாகக் கிடந்தன. கறையானைத் தவிர அவற்றை ஆழ்ந்து வாசித்தவர் யாருமில்லை. எங்கள் நூலகத்துத் தண்ணீர் வடிகட்டிக்கு முட்டுக் கொடுத்திருந்ததும் மூன்றாம் தொகுதிதான்.

ஐந்தாம் தொகுதியில் வந்த அவருடைய கட்டுரை சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடுகளைப் பற்றியது. எங்கள் கரையோர ஊர்களில் வீடு பெண்ணுக்குரியது. பெண் பிள்ளை பிறந்தால் அன்றைக்கே வீட்டு யோசனையும் பிறந்துவிடும். தாய் தன் வீட்டை மூத்தவளுக்குக் கொடுத்துவிட்டு இளையவளுக்கு இன்னொன்று கட்டுவாள், மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து இருப்பார். கடல் வந்து அந்த வீடுகளை எடுத்துக்கொண்டு போன பிறகு, வீட்டுத்திட்டங்களில் கொடுத்த வீடுகளுக்கு உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், எழுதும்போது குடும்பத் தலைவர் யார் என்று கேட்டார்கள். எல்லாரும் வழக்கம்போல ஆம்பிளையின் பெயரைச் சொன்னார்கள். பெண்களும் அதையேதான் சொன்னார்கள். அப்போது யாருக்கும் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. பல வருடம் கழித்துத்தான் ஒவ்வொரு வீடாக அதன் விளைவு தெரிய வந்தது. மேடம் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து, அதாவது நின்று, அதைக் கேட்டு எழுதினார்.

அவர் கேட்ட பெண்களில் ஒருவர் தையல் வேலை செய்பவர். நாங்கள் தையல்கார ராத்தா என்போம், ராத்தா என்றால் அக்கா. அவருடைய கணவர் பொத்துவில் பக்கம் வியாபாரத்துக்குப் போய் அங்கே இன்னொரு குடும்பத்தை வைத்துக்கொண்டார். வீட்டின் உறுதி அவர் பெயரில். ராத்தாவும் ஒரே மகளும் அந்த வீட்டில் இருக்கலாம், ஆனால் அது அவர்களுடையது இல்லை. ராத்தா அதை மேடத்திடம் சொன்ன விதம், கட்டுரையின் நாற்பத்தேழாம் பக்கத்தில், வீட்டை ஊடு என்கிற எங்கள் ஊர்ப் பேச்சிலேயே, அப்படியே இருக்கிறது: 'உம்மா தந்த ஊட்டக் கடல் எடுத்த. கவுமெந்து தந்த ஊட்ட என்ட மனிசன் எடுத்தார். கடலோட சண்ட புடிக்க ஏலாதே, அதால கடலுக்கு மட்டும் மன்னிப்பு.' அதை அடுத்து, அடைப்புக்குறிக்குள், (சிரிக்கிறார்) என்று மேடம் போட்டிருந்தார். கட்டுரையை மதிப்பீடு செய்த ஒரு பேராசிரியர், சிரிப்பு ஒரு தரவு அல்ல, நீக்கவும் என்று ஓரத்தில் எழுதி அனுப்பினார். மேடம் நீக்கவில்லை. 'அவ அழுதிருந்தா தரவெண்டு சொல்லியிருப்பார்' என்று என்னிடம் சொன்னார்.

அதற்கு நீண்ட காலத்துக்குப் பிறகுதான் நாட்டில் காகிதம் கிடைக்காத அந்த வருடம் வந்தது. கல்முனை அச்சகத்துக்காரர் ஒரு விலை சொல்வார், மேடம் பீடாதிபதியிடம் கையெழுத்து வாங்கித் திரும்புவதற்குள் அது வேறு விலையாகியிருக்கும். கடைசியில் அச்சகத்துக்காரர் கை விரித்துவிட்டார். பதிப்பாசிரியர் குழு கூடியது. எனக்கு அது கொண்டாட்டம். எத்தனை வருடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எழுந்து நின்று விளக்கினேன்: அச்சு மட்டும் என்றால் இதழ் இந்த வருடத்தோடு நின்றுவிடும். இணையம் மட்டும் என்றால் செலவு இல்லை, ஆனால் கையில் பிடிக்க ஒன்றும் இருக்காது. இணையத்தில் எல்லாருக்கும், அச்சில் கேட்டவருக்கு மட்டும் என்பது மூன்றாவது வழி. 'வெளியில இருந்து பெரியாக்கள் வந்தா அன்பளிப்பா லிங்க்கையா குடுக்கிற?' என்று ஒரு பேராசிரியர் கேட்டார். கொடுத்த புத்தகத்தையும் அவர்கள் வாசிக்கப்போவதில்லையே என்று என் வாய் வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். அச்சுப் பக்கம்தான் மேடம் நிற்பார் என்று எல்லாரும் நினைத்தோம். அவர் கதிரையின் முதுகைத் தட்டிவிட்டு, 'ஓம், நெட்டுக்குப் போவம். கறையானுக்கு எழுதினது போதும்' என்றார். மூன்றாவது வழி முடிவானது. ஆய்விதழ்களுக்குத் தரம் வழங்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது. பழைய தொகுதிகள் ஒன்று விடாமல் இணையத்தில் இருந்தால்தான் அது எங்களுக்குத் தரம் தரும். தரம் கிடைத்தால்தான் இளம் விரிவுரையாளர்களின் கட்டுரைகளுக்குப் பதவி உயர்வில் மதிப்பு. ஆகவே பழையவை எல்லாவற்றையும் ஏற்றுகிற வேலையும் சேர்ந்தே வந்தது.

வெறும் படமாக ஏற்றுவது எனக்குப் பிடிக்கவில்லை. அச்சகத்தில் பழைய எழுத்துருவில் கிடந்த கோப்புகளை வாங்கி, ஒருங்குறிக்கு மாற்றி, எழுத்து எழுத்தாகத் திருத்தினேன். ஒரு சொல்லைத் தேடினால் எந்தக் கட்டுரையில் எந்த வரியில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அதுதானே இணையத்துக்குப் போவதன் பயன். வெளியில் திறப்பதற்கு முன், நாங்கள் மட்டும் பார்க்கிற மாதிரி ஒரு பரீட்சார்த்தப் பக்கத்தை உருவாக்கினேன். மத்தியானம் ளுஹர் தொழுதுவிட்டு மேடம் நூலகத்துக்கு வந்தார். என் மேசைக்குப் பக்கத்தில் நின்றபடி தன் போனில் அதைத் திறந்து, தேடுகிற இடத்தில் தன்னுடைய குடியின் பெயரைத் தட்டினார். குடி என்பது எங்களுக்குத் தாய்வழியாக வருகிற பரம்பரைப் பெயர். யார் கையில் தேடுகிற பெட்டி கிடைத்தாலும் முதலில் தன் குடியையோ தன் ஊரையோதான் தேடுவார். முதலாவதாக வந்தது அவருடைய கட்டுரைதான். தகவலாளி ஏழு. மேடத்தின் அதே குடி, கடற்கரைப் பக்கத்து இன்ன தெரு, தையல் தொழில். கீழே, மஞ்சள் பூசிய குடிப் பெயருக்கு அடுத்த வரிகளில், கணவரைப் பற்றி ராத்தா சொன்ன அத்தனையும்.

மேடம் அதை வாசித்துக்கொண்டே போய்ப் பக்கத்தில் இருந்த கதிரையில் உட்கார்ந்தார். அவர் நூலகத்தில் உட்கார்ந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கட்டுரையில் ராத்தாவின் பெயர் இல்லை. ஆய்வு நெறிமுறைப்படி அதை எடுத்தாயிற்று, அத்தோடு ஆள் மறைந்துவிட்டார் என்று மேடமும் நினைத்தார், மதிப்பீட்டாளர்களும் நினைத்தார்கள். வெளியூர்ப் புத்தகங்களில் கற்ற நெறிமுறை அது. எங்கள் ஊரில் பெயரைச் சொன்னால்தான் ஆள் யாரென்று தெரியாது, ஒரே பெயரில் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். குடியையும் தெருவையும் செய்கிற வேலையையும் சொன்னால் ஆளை வாசலில் கொண்டுவந்து நிறுத்தின மாதிரி. குடி இல்லாமல் அந்த ஆய்வே இல்லை என்பதால் மேடம் அதை விட்டு வைத்திருந்தார். அச்சில் அது யாரையும் தொடவில்லை, ஏனென்றால் யாரும் வாசிக்கவில்லை. 'புத்தகமா இருக்கக்குள்ள ஆர் ஊட்ட இருக்கெண்டு எனக்குத் தெரியும். இது ஒவ்வொருத்தர்ர சட்டைப் பைக்குள்ளயும் போய் இருக்கப் போகுது, புள்ள' என்றார். அதை விடவும் ஒரு விஷயம் இருந்தது. ராத்தாவின் மகளுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். வீட்டை மகள் பெயருக்கு எழுதித் தருவதாக அவளுடைய வாப்பா ஒருவழியாக ஒத்துக்கொண்டிருந்தார்.

தெருவையும் குடியையும் நீக்கிவிட்டு ஏற்றலாம் என்று நான்தான் சொன்னேன். நீக்கியிருக்கிறோம் என்று ஒரு குறிப்பும் போடலாம், நிறைய இதழ்கள் அப்படிச் செய்கின்றன. மேடம் எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டார். 'ஊருக்குத் தெரியாமப் போகலாம். அந்த மனிசன் வாசிச்சா அது தன்னையெண்டு தெரியாதா? பெஞ்சாதி என்ன சொன்னாண்டு தெரிஞ்சா அவர் பேனையத் தொடுவாரா?' என்னை மடக்கிவிட்டால் எனக்குக் கோபம்தான் வரும். அந்த இதழிலேயே உருப்படியான கட்டுரை அது ஒன்றுதான், அதைப் பூட்டி வைத்துவிட்டு மற்றதையெல்லாம் உலகத்துக்குக் காட்டப்போகிறோமா என்று கேட்டேன். இதே நிலையில் இன்னும் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள், அவர்கள் வாசிக்க வேண்டாமா என்றும் கேட்டேன். 'நீ சொல்றதும் சரிதான்' என்றார் மேடம். அவரோடு சண்டை பிடிப்பதில் உள்ள கஷ்டம் அது. சரி என்று ஒத்துக்கொள்வார், ஆனால் தான் நின்ற இடத்திலிருந்து ஒரு அடி நகரமாட்டார்.

ராத்தாவிடமே கேட்டுவிடலாம் என்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு என்னை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போனார். வீட்டுத்திட்டத்தில் கடற்கரைப் பக்கமாகக் கடைசி வரிசை. ஜன்னலோரம் தையல் மெசின், அதன் மேல் கலியாணத்துக்கு அவசரமாகத் தைக்கக் கொடுத்திருந்த யாருடையதோ சட்டைத் துணி. ராத்தா பிளேன்டி ஊற்றித் தந்துவிட்டு, சொல்லாமலே அலுமாரியைத் திறந்தார். மகளின் சான்றிதழ்களோடு ஐந்தாம் தொகுதி பொலித்தீனில் சுற்றிப் பத்திரமாக இருந்தது. மேடம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தேடினால் வரும் என்பதைத் தன் போனிலேயே காட்டினார். ராத்தா அதை வாங்கி, தன்னுடைய சொற்களை மெதுவாக வாசித்தார்.

'எவ்வளவு கதைச்சிரிக்கன்' என்றார். 'மேடம், இதுல ஒரு பொய் இல்ல. நாளைக்கு வந்து கேட்டாலும் இதத்தான் சொல்லுவன். ஆனா அவர் இப்பதான் ஒரு மாதிரி எறங்கி வந்திரிக்கார். புள்ளைக்கு ஊடு வேணும். உறுதி என்ட புள்ளைட கைக்கு வரட்டும், அதுக்குப் பொறகு நீங்க நெட்டுல போடுங்க, பள்ளிச் செவுத்துல ஒட்டுங்க, எனக்கென்ன.'

'நீங்க சொல்ற நாளைக்குத்தான் போடுவம்' என்றார் மேடம்.

திரும்பி வரும்போது பின்னால் இருந்த எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. அந்த வாக்கினால் என்ன நடக்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த மாதம் மேடம் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்க இருந்தார். புதிய முறைப்படி ஒவ்வொரு கட்டுரைக்கும் திறக்கக்கூடிய இணைப்புக் கொடுக்க வேண்டும். அவருடைய மற்றக் கட்டுரைகள் சும்மா எண்ணிக்கைக்குத்தான், கனமானது இது ஒன்றே.

குழுக் கூட்டத்தில் பீடாதிபதி மேசையைத் தட்டவில்லை, அவர் மரியாதையான மனிதர். 'ஒரு பொம்புளைட ஊட்டுப் பிரச்சினைக்காக முழுப் பீடத்தையும் நிப்பாட்டுறதா, மேடம்?' என்று மட்டும் கேட்டார். 'அந்தப் பொம்புள கதைச்சதாலதான் எனக்குக் கட்டுரை வந்த, சேர்' என்றார் மேடம். கட்டுரையாளருக்குத் தன் கட்டுரையைத் தடுத்து வைக்கிற உரிமை எங்கள் விதிகளிலேயே இருந்தது. மேடமே எழுதிய விதி அது. நான் அந்தச் சாம்பல் நிற வரியைத் தட்டச்சு செய்தேன். அந்த வருடம் இதழுக்குத் தரம் கிடைக்கவில்லை. இளம் விரிவுரையாளர்கள் அவரைக் கண்டால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன், நானும் கொஞ்சக் காலம் அவரோடு அளந்துதான் பேசினேன். அடுத்த முறை, ஒரு கட்டுரை குறைவு என்பதைக் குறிப்பிட்டுத் தரம் தந்தார்கள். மேடத்தின் விண்ணப்பத்தில் அந்த இணைப்புக்கான கட்டம் வெறுமையாகப் போனது. அவர் முதுநிலை விரிவுரையாளராகவே ஓய்வு பெற்றார். பிரியாவிடைக் கூட்டத்தில் மாலை போட்டு, நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். 'இத்தன வருஷம் நிண்டாச்சி, இனியென்ன' என்று சொல்லி நின்றுகொண்டே ஏற்புரை பேசினார்.

அதற்குப் பிறகும் அந்தக் கட்டுரையைக் கேட்டு மின்னஞ்சல்கள் வரும். வெளிநாட்டு மாணவர்கள், பெண்கள் அமைப்புகள், ஒருமுறை ஒரு பெண் சட்டத்தரணி. நான் மேடத்துக்குப் போன் எடுப்பேன். அவர் கேட்டவரின் இலக்கத்தை வாங்கிப் பேசுவார். யார், எதற்கு, யாரிடம் காட்டுவீர்கள் என்று குடைவார். மனதுக்குப் பட்டால் அச்சுப் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்து, வாசித்து முடித்ததும் திருப்பி வாங்கி வருவார். சட்டத்தரணிக்கு மட்டும் அதைக் கொடுத்தே விட்டார். ஒரு கட்டுரையைப் பரப்புவதற்கு இதை விட மெதுவான வழி இருக்க முடியாது என்று நான் கேலி செய்தேன். 'ஓம், ஆனா ஒவ்வொருத்தர்ர மொகமும் தெரியுமே' என்றார். எனக்கு அது போதவில்லை. இன்றைக்கும் போதவில்லை. ஒரு தாய்க்கும் மகளுக்கும் வீடு கிடைப்பதற்காக, பெயர் தெரியாத வேறு பெண்கள் இதை வாசிக்காமலே இருந்தார்கள். அவர்களில் யாராவது அந்த வருடங்களில் எங்கேயாவது கையெழுத்து வைத்து வீட்டை இழந்திருந்தால் அதற்குக் கணக்குச் சொல்வது யார்? இந்தக் கேள்வியை மேடத்திடம் நேராகக் கேட்க வேண்டும் என்று இருந்தேன். போன வருடம் நோன்புக்கு முந்திய மாதத்தில் மேடம் மௌத்தானார்.

அடக்கம் முடிந்த பிறகு பெண்கள் கூடியிருந்த அறையில் ராத்தாவைப் பார்த்தேன். கலியாணம் எப்போதோ நடந்துவிட்டிருந்தது. ஆனால் வாப்பா அறுவடை முடியட்டும், ஹஜ்ஜு முடியட்டும் என்று கையெழுத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். 'இன்னும் இல்ல' என்றார் ராத்தா, நான் கேட்காமலே. மேடத்தின் ஜனாஸா போன வாசலைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னார். எனக்கு அழுகையா ஆத்திரமா என்று தெரியவில்லை, இரண்டும் சேர்ந்துதான் வந்தது.

கடந்த வாரம், நூலகம் கொஞ்சம் ஓய்ந்திருந்த மத்தியானத்தில், ராத்தாவின் மகள் வந்தாள். நேரே என் மேசைக்கு வந்து நின்றாள்.

'மிஸ், வாப்பா சைன் வெச்சிட்டார். ஊடு என்ட பேருக்கு வந்திட்டு. உம்மா சொல்லிவிட்ட, இனிப் போடலாமாம்.'

நான் எழுந்தே விட்டேன். கை கணினியின் பக்கம் போய்விட்டது. அவள் நகரவில்லை.

'அதுக்கு முந்தி நான் ஒருக்கா வாசிக்கணும்' என்றாள். 'உம்மா அந்தப் புத்தகத்த எனக்குக் காட்டினதே இல்ல. எப்பிடிப் பாத்தாலும் அவர் எனக்கு வாப்பாதானே.'

எனக்குச் சுரீரென்றது. இத்தனை வருடமாக ராத்தாவைப் பற்றி யோசித்தோம், அந்த மனிதரின் பேனையைப் பற்றி யோசித்தோம். இவளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எங்களுக்கு இவள் ஒரு கலியாணமாக மட்டுமே இருந்தாள். அச்சுப் பிரதியை எடுத்துக் கொடுத்தேன். அவள் ஜன்னலடிக்குப் போய், மேடம் நிற்கிற மாதிரியே, நின்றுகொண்டு வாசித்தாள். நான் வேலை செய்வது போல விசைகளைத் தட்டிக்கொண்டிருந்தேன். என்ன தட்டினேன் என்று எனக்கே தெரியாது. வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். சொன்னால் அது நியாயமாகவும் இருக்கும் என்பது இன்னும் பெரிய பயம்.

வாசித்து முடித்து வந்து, ஒரு பக்கத்தில் விரலை வைத்தபடி புத்தகத்தை என் முன்னால் நீட்டினாள். 'இந்த எடத்துல சிரிச்சிரிக்கா எண்டு போட்டிரிக்கி.'

'ஓம்.'

'எனக்கு இந்தச் சிரிப்புத் தெரியும் மிஸ்' என்றாள். புத்தகத்தை மூடி என் மேசையில் வைத்தாள். பிறகு, 'போடுங்க' என்றாள்.

'தெருவையும் குடியையும் எடுத்துப்போட்டுப் போடட்டா?'

'என்னத்துக்கு? எங்கட தெருதானே.'

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏற்றினேன். சாம்பல் நிறம் நீலமானது. கீழே இருந்த என் வரியை அழித்தேன். அவள் தன் போனில் அதைத் திறந்தாள். பார்த்தவர்கள் என்ற இடத்தில் ஒன்று என்று விழுந்தது. அவள் போன பிறகு அது மெல்ல மெல்லக் கூடத் தொடங்கியது. நான் வேறு ஒரு வேலையும் செய்யவில்லை. பக்கத்தைப் புதுப்பிப்பதும் எண்ணைப் பார்ப்பதுமாக இருந்தேன். பகல் போய்ப் பின்னேரமானபோது அது நான் எதிர்பார்த்ததை விட வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. யாரோ எங்கேயோ பகிர்ந்திருக்க வேண்டும். யார்? தன் உறுதியை எடுத்துப் பார்க்க ஓடுகிற ஒரு பெண்ணா? தெருவின் பெயரைக் கண்டு, பார்த்தாயா இவளை என்று வட்ஸ்அப்பில் தள்ளிவிடுகிற வெட்டி மனிதனா? பொத்துவிலில் ஒரு வீட்டில் அந்த மனிதரின் போன் ஒலித்துவிட்டதா? எண் அதையெல்லாம் சொல்லாது. மேடம் இருந்திருந்தால் ஒவ்வொரு முகமாகச் சொல்லியிருப்பார். எனக்குக் கிடைத்தது ஒரு இலக்கம். இதைத்தான் நான் எழுந்து நின்று விளக்கி, கூட்டத்தில் கேட்டு வாங்கினேன்.

பொழுதுபட்டு, மஃரிபு தொழுகைக்கு நூலகத்தை மூடப்போகும் நேரம் ராத்தாவின் மகள் எனக்குப் போன் எடுத்தாள். குரல் தணிந்திருந்தது.

'மிஸ், ஒரு பொம்புள வந்திரிக்கா. ஆரெண்டு தெரியா. மருதமுனையாம். கையில போன வெச்சிக்கிட்டு, இது நீங்களாண்டு கேட்ட. உம்மா உள்ளுக்குக் கூட்டிட்டுப் போய்க் கதவச் சாத்திட்டா. ரெண்டு பேரும் என்னவோ கதைக்கிறாங்க.'

'என்ன கதைக்கிறாங்க?'

'கேக்குதில்ல. இருங்க, போனக் கதவடிக்குக் கொண்டு போறன்.'

நான் போனைக் காதில் அழுத்திப் பிடித்தேன். மற்றக் கை, பழக்கத்தில், நான்காவது தலைப்பின் மேல் போய் அழுத்தியது. திறந்தது. போனில் முதலில் கடல் இரைச்சல்தான் கேட்டது. பிறகு கதவுக்கு அப்பால் ராத்தாவுடையதல்லாத ஒரு பெண் குரல், சொல் விளங்காமல், நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டு போனது. அது ஓய்ந்ததும் அதே குரல் சிரித்தது. அவர் தன் கதையில் எந்த இடத்துக்கு வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நாற்பத்தேழாம் பக்கத்துக்குப் போய், அந்த அடைப்புக்குறியைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.